கூம்பில் பிடித்த ஜாஸ்: 1917–1923 அரக்குத் தட்டுகளைக் கணினிக்கு ஏற்றும் முறை

முதல் வணிக ஜாஸ் இசைத்தட்டு என்று பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படுவது விக்டர் 18255. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஐந்து வெள்ளை இளைஞர்களின் ‘ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்’ 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக அதை வாசித்தது. ஒரு பக்கம் ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’, மறுபக்கம் ‘டிக்ஸி ஜாஸ் பேண்ட் ஒன்-ஸ்டெப்’. ஆறு ஆண்டுகள் கழித்து, 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில், இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் கென்னட் கம்பெனிக்காக, கார்னெட் வாசிக்கும் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் வாசித்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் முதன்முதலில் தட்டில் ஒலித்தது அங்கேதான். இந்த இரண்டு அமர்வுகளும், இடையில் வந்த அத்தனை ஜாஸ் தட்டுகளும் மைக் இல்லாமல், தகரக் கூம்பு வழியே பதிவானவை.

இந்தத் தட்டுகளின் நகல்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் பலவற்றில் வேகம் தவறு, ஊசி தவறு, ப்ரீஆம்பின் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) சமன்பாடும், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளை ஏற்றி இறக்கும் அளவும், தவறு. குழு அவசர அவசரமாக, கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். அக்கால வாசிப்பே அப்படித்தான் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். ஒழுங்காக ஏற்றினால் அதே தட்டில் கிளாரினெட், கார்னெட், டிராம்போன் ஆகிய ஊதுவாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

கையில் இருப்பது எந்தத் தட்டு

முதலில் லேபிளையும், லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தையும் படியுங்கள். சாய்ந்து விழும் ஒற்றை விளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இரண்டும் போதும்.

விக்டர் தட்டுகளில் வெற்று வளையத்தில், கடிகாரத்தின் 9 மணி இருக்கும் இடத்தில், எத்தனையாவது முறை வாசித்தது என்ற டேக் எண் இருக்கும். கென்னட்டில் மேட்ரிக்ஸ் எண்ணுக்கு (ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி கொடுத்த எண்) பின்னால் வரும் எழுத்துதான் டேக்: ஆலிவர் குழுவின் ‘டிப்பர் மவுத் ப்ளூஸ்’ 11389-பி. எழுத்து இல்லையென்றால் முதல் டேக். 18255இன் ஒன்-ஸ்டெப் பக்கத்தில் ‘தட் டீஸின் ராக்’ என்ற பெயர் சேர்த்து அச்சாகியிருந்தால் அது பிந்தைய பதிப்பு. ஜோ ஜோர்டன் எழுதிய அந்தப் பாட்டின் பகுதியைக் குழு எடுத்தாண்டிருந்ததால், பெயரைப் பிறகு லேபிளில் ஏற்றினார்கள். பெயர் இல்லாதது முந்தியது. பதிவு இரண்டிலும் ஒன்றுதான்; விலைதான் வேறு.

இதே குழுவின் கொலம்பியா ஏ-2297ஐ (‘டார்க்டவுன் ஸ்ட்ரட்டர்ஸ் பால்’, ‘இண்டியானா’) முதல் ஜாஸ் தட்டு என்று விற்பவர்கள் இன்றும் உண்டு. 1917 ஜனவரியிலேயே பதிவானது என்று பழைய நூல்கள் எழுதியதால் வந்த வினை. அது பதிவானது மே 31இல்.

அடுத்து, வெட்டு எப்படிப்பட்டது என்று பாருங்கள். விக்டர், கொலம்பியா தட்டுகளில் தடம் இடவலமாக நெளியும். 1917இல் இதே குழு ஏயோலியன்-வோகாலியனுக்கு வாசித்த தட்டுகளில் தடம் நெளியாது. ஆழம்தான் கூடிக் குறையும். பக்கவாட்டு வெட்டின் காப்புரிமையை விக்டரும் கொலம்பியாவும் கையில் வைத்திருந்ததால் சிறு கம்பெனிகள் மேல்கீழ் வெட்டுக்குப் போயின. கென்னட்டை நடத்திய ஸ்டார் பியானோ கம்பெனி விக்டரோடு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி ஜெயித்த பிறகே பக்கவாட்டு வெட்டு எல்லோருக்கும் திறந்தது. மேல்கீழ் வெட்டுத் தட்டைச் சாதாரண முறையில் ஓட்டினால் இரைச்சலுக்கு நடுவே மெலிந்த ஏதோ ஒன்று கேட்கும்; தட்டு தேய்ந்துவிட்டது என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை ஏற்றும் வழி கீழே வருகிறது.

வெற்று வளையத்தில் நீள்வட்டத்துக்குள் ‘வி.ஈ’ (விக்டர்) அல்லது வட்டத்துக்குள் ‘டபிள்யூ’ (கொலம்பியா) இருந்தால் அது 1925 முதல் வந்த மின்சாரப் பதிவு. அதற்கு இந்தக் குறிப்புகளில் வரும் சமன்பாட்டு அளவுகள் ஒத்துவராது.

கூம்பு எதைப் பிடித்தது, எதை விட்டது

வேண்டாத ஒலிகளை வெட்டும் வடிகட்டியில் என்ன எண் போடுவது என்பது இங்கேதான் முடிவாகிறது. அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

குழுவினர் ஒரு பெரிய தகரக் கூம்பின் வாயைப் பார்த்து வாசிப்பார்கள். கூம்பின் குறுகிய முனையில் ஒரு மெல்லிய சவ்வு, சவ்வில் ஒரு வெட்டூசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. இடையில் மின்சாரமோ பெருக்கியோ கிடையாது. காற்றின் அழுத்தமே ஊசியைத் தள்ள வேண்டும். ஒலி கூட்டவும் குறைக்கவும் ஒரே வழி, வாசிப்பவர் நிற்கும் தூரம். ரிச்மண்டில் ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றதை அமுக்கியதால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். அந்தக் கூடத்தை ஒட்டி ரயில் பாதை வேறு. வண்டி போகும்போது பதிவை நிறுத்தினார்கள்.

பெரிய டிரம்மின் அடி வெட்டூசியைத் தடத்தைவிட்டே எகிறவைக்கும். அதனால் கென்னட் அமர்வில் டிரம் வாசித்த பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டினார். வழக்கமாக டபுள் பாஸ் வாசிக்கும் பில் ஜான்சன் பாஞ்சோவை எடுத்துக்கொண்டார். 1917 விக்டர் தட்டிலும் டிரம் வாசித்த டோனி ஸ்பார்பரோவின் மணியும் கட்டையும்தான் தெளிவாகக் கேட்கின்றன. நியூ ஆர்லியன்ஸ் தாளக்காரர்கள் மேடையில் கட்டையை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று இதைவைத்து முடிவு கட்டக் கூடாது.

கூம்பும் சவ்வும் சுமார் 200 ஹெர்ட்ஸ் முதல் 2,500, 3,000 ஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாகப் பிடிக்கும். நல்ல தட்டில் 4,000க்கு மேலும் கிளாரினெட்டின் மேல் ஒலிகள் மெல்லியதாகத் தெரியும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பது இசை அல்ல. வெட்டும் எந்திரத்தின் உறுமலும் உங்கள் டர்ன்டேபிளின் உறுமலும்தான். அங்கே பாஸைக் கூட்டி ‘உயிரூட்டுவது’ வெறும் உறுமலைக் கூட்டுவதாகவே முடியும்.

என்னென்ன வேண்டும்

வேகத்தை மாற்றக்கூடிய, நிமிடத்துக்கு 78 சுற்று உள்ள டர்ன்டேபிள். ஊசியைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி). மோனோ கார்ட்ரிட்ஜ் வேண்டாம்: மேல்கீழ் வெட்டை அது பிடிக்காது, தடத்தின் இரண்டு சுவர்களைத் தனித்தனியாகக் கேட்கும் வசதியும் போய்விடும். சமன்பாடு சேர்க்காத தட்டையான ப்ரீஆம்ப் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண ஃபோனோ ப்ரீஆம்பே போதும், கணினியில் சரிசெய்துகொள்ளலாம். 24 பிட்டில் பதிவு செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸ். மென்பொருளுக்கு ஆடாசிட்டி தாராளம்.

சூட்கேஸ் வடிவில் வரும் மலிவு பிளேயர்களில் 78 என்று ஒரு பொத்தான் இருக்கும். ஊசி என்னவோ எல்.பி.க்கான, அதாவது பிற்கால 33 சுற்று வினைல் தட்டுக்கான, ஊசிதான். சாவி கொடுக்கும் கிராமஃபோனில் இரும்பு ஊசி போட்டு ஓட்டுவதும் கூடாது. அரக்குத் தட்டில் கற்பொடி கலந்திருக்கும். அது இரும்பு ஊசியைத் தடத்தின் வடிவுக்குத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசி, நூறு கிராமுக்கும் மேற்பட்ட பளுவோடு, திருப்பித் தடத்தைத் தேய்க்கும். நூறாண்டுத் தட்டுகளில் கேட்கும் கரகரப்பில் பாதி அந்த வழியில் வந்ததுதான்.

கழுவுதல்

தட்டில் பிசினாக இருப்பது அரக்கு. அந்நாளில் அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகளுக்கு அது இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. மரச்சாமான் மெருகுக்கு ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறார்களே, அதே சரக்கு. ஸ்பிரிட்டில் கரையும் என்பதுதான் இங்கே ஆபத்து. எல்.பி. கழுவ விற்கும் திரவங்கள் பலவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு துடைப்பிலேயே தட்டின் பளபளப்பு மங்கி, துணியில் கறுப்பு ஏறும். போனது போனதுதான்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில், ஃபிலிம் கழுவும் ஈரமூட்டித் திரவம் 1 முதல் 2 மில்லி கலந்தால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பில் உப்பும் வாசனையும் கலந்திருப்பதால் காய்ந்தபின் தடத்தில் படிவு நிற்கும். நீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும். சுடுநீர் பட்டால் தட்டு வளையும். மென்மையான நைலான் முடி பிரஷ்ஷால் தடத்தின் வழியே, வட்டமாக, மூன்று நான்கு சுற்று. குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இருமுறை அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். ஊறவைக்கவே கூடாது.

லேபிளில் ஒரு சொட்டும் படக் கூடாது. 1922இல் லாஸ் ஏஞ்சலஸில் கிட் ஓரியின் குழு வாசித்த தட்டு, நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் குழு ஒன்றின் முதல் ஜாஸ் பதிவு. அதில் நார்ட்ஸ்காக் லேபிளின் மேல் சன்ஷைன் லேபிளை ஒட்டி விற்றார்கள். ஈரம் பட்டு மேல் லேபிள் உரிந்தால் தட்டின் வரலாறே கையோடு வந்துவிடும். விரிசல் விட்ட தட்டையும், உள்ளே அட்டைக்கூழ் போன்ற நடுப்பகுதி வைத்த தட்டையும் நனைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊசி

ஊசி முனையின் ஆரத்தை ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கில் சொல்வது வழக்கம். அதற்கு மில் என்று பெயர். எல்.பி. ஊசி சுமார் 0.7 மில், அதாவது 18 மைக்ரான். 78 தட்டுக்கென்று கடையில் கிடைப்பது 2.5 அல்லது 3 மில். கூம்புக் காலத் தட்டுகளின் தடம் இன்னும் அகலம் என்பதால் 2.8 (71 மைக்ரான்) முதல் 3.5 (89 மைக்ரான்) வரை தேவைப்படும். எல்.பி. ஊசி இந்தத் தடத்தின் அடியில் போய் விழுந்து, அங்கே நூறாண்டாகச் சேர்ந்த தூசியையும் இரும்புத் தூளையும் வாசிக்கும். இசை இருப்பது தடத்தின் சுவரில்.

ஒரே ஊசிதான் வாங்க முடியும் என்றால், நுனி மழுக்கிய 2.8 மில் நீள்வட்ட ஊசியை வாங்குங்கள். நுனி மழுங்கியிருப்பதால் அடிப்பள்ளத்தைத் தொடாமல் சுவர்களில் மட்டும் உட்காரும். இரண்டாவதாக 3.3 வாங்கலாம். வெவ்வேறு அளவில் ஊசி செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். சும்மா 78 ஊசி என்று கேட்காமல் மில் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசியைத் தேர்வது காதால் நடக்கும் வேலை, அதற்கு ஒரு முறை உண்டு. தட்டின் நடுப்பகுதியில், கார்னெட் ஓங்கி ஒலிக்கும் இருபது விநாடியைப் பிடியுங்கள். கையிலுள்ள ஒவ்வொரு ஊசியாலும் அதே இருபது விநாடியைப் பதிவு செய்து, ஒலி அளவைச் சமமாக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஊசி சிறிதென்றால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும், ஊசி தடத்துக்குள் தள்ளாடும். ஊசி பெரிதென்றால் இரைச்சல் குறைவாக இருக்கும், ஆனால் கார்னெட் உச்சத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒலி கிழியும். சில இடங்களில் வழுக்கி ஓடவும் செய்யும். பழைய இரும்பு ஊசி சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தேய்த்துவைத்திருக்கும். அந்தத் தேய்ந்த பட்டைக்கு மேலேயோ கீழேயோ தொடுகிற அளவு கிடைத்துவிட்டால் ‘தேறாது’ என்று ஒதுக்கிய தட்டுகூடத் தெளிந்துவிடும். கூடுதலாக ஓர் ஊசிக்குச் செய்யும் செலவு, எந்த மென்பொருளுக்குச் செய்யும் செலவையும்விட மேல்.

பளு பொதுவாக 3 முதல் 5 கிராமுக்குள். கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொல்லும் மேல் எல்லையைத் தாண்டாதீர்கள். பளு குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் இங்கே எடுபடாது. ஊசி துள்ளித் துள்ளி விழுந்தால் சுவர் சிதையும். ஊசி குதிக்கிறது என்று தலைமேல் காசு வைப்பதும் வேண்டாம். பெரும்பாலும் தட்டு வளைந்திருப்பதால்தான் குதிக்கும், அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பது.

இந்தக் காலத் தட்டுகளில் ஊசியை உள்ளே இழுக்கும் தொடக்கத் தடம் பெரும்பாலும் இருக்காது. முதல் தடத்திலேயே கையால் இறக்க வேண்டும். முடிவிலும் அப்படியே, ஊசி தானாக நிற்காமல் லேபிளின் மேல் ஏறிவிடும். ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான், பக்கத்திலேயே இருங்கள்.

வேகம்

78 என்பது பிற்காலத்தில் நிலைத்த எண். கூம்புக் காலத்தில் மெழுகுத் தட்டைச் சுழற்றியது கயிற்றில் தொங்கும் எடைக்கல். கம்பெனிக்குக் கம்பெனி, சிலநேரம் நாளுக்கு நாள், வேகம் மாறும். விக்டர் தட்டுகள் பெரும்பாலும் 76ஐ ஒட்டி இருக்கும். கொலம்பியா 80 என்று லேபிளிலேயே அச்சிட்டதுண்டு. கென்னட்டில் எதையும் முன்கூட்டி நம்ப வேண்டாம். தட்டுக்குத் தட்டு சோதித்தாக வேண்டும்.

ஆறு சதவீத வேக வித்தியாசம் ஓர் அரைச் சுரம். அதனால் வேகத்தைக் கண்டுபிடிக்கும் வேலை, குழு எந்தச் சுருதியில் வாசித்தது என்று கண்டுபிடிப்பதாக முடிகிறது. ‘டைகர் ராக்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். 1918 மார்ச் 25இல் அதே டிக்ஸிலேண்ட் குழு விக்டருக்குப் பதிவு செய்தது (18472). பாட்டின் முதல் பகுதி பி ஃப்ளாட்டில் தொடங்கி, ஈ ஃப்ளாட்டுக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் போகும். பி ஃப்ளாட் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. தட்டை 78.26 வேகத்தில் ஓட்டும்போது முதல் பகுதியின் ஆதார சுரம் 480 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரைக் கட்டை 466, ஏழு கட்டை 494. 480 இரண்டுக்கும் நட்டநடுவில் விழுகிறது. எந்தப் பியானோவிலும் அப்படி ஒரு சுரம் கிடையாது.

இறக்கினால், 78.26ஐ 466ஆல் பெருக்கி 480ஆல் வகுக்க 76 வரும். ஏற்றினால், 494ஆல் பெருக்கி வகுக்க 80.5. கணக்கு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தீர்ப்பு சொல்வது வாத்தியம். ஏழு கட்டை, அதாவது பி மேஜர், என்றால் ஐந்து ஷார்ப்; பி ஃப்ளாட் கார்னெட்டும் கிளாரினெட்டும் வைத்திருக்கும் நடனக்குழு அதில் வாசிக்கப் போவதில்லை. பி ஃப்ளாட்தான், எனவே 76. அக்காலப் பியானோக்களின் சுருதி ஏ சுரத்துக்கு 435 முதல் 440 வரை இருந்தது. 435 என்று எடுத்தால் 75.1 வரும். அந்த ஒரு சதவீத இடைவெளியை அடைக்க வழியில்லை, அதைப் பற்றிச் சண்டை போட்டும் பயனில்லை.

சுரம் பார்க்கப் பியானோ தனித்துக் கேட்கும் இடத்தையும், குழு முழுவதும் ஒரே கோவையில் நிற்கும் முடிவையும் பயன்படுத்துங்கள். தனி கார்னெட்டை நம்பாதீர்கள். வாசிப்பவர் உதட்டால் வளைப்பார். தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை பாருங்கள். வெட்டும் எந்திரம் போகப் போக மெதுவானதா வேகமானதா என்பது அதில் தெரியும்.

டர்ன்டேபிளின் வேகத்தைச் சரிபார்க்கக் கோடுபோட்ட வட்டத்தை அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். 6,000ஐ வேண்டிய வேகத்தால் வகுத்தால் கோடுகளின் எண்ணிக்கை. 77 கோடு அசையாமல் நின்றால் 77.92; 79 கோடு நின்றால் 75.95, 75 கோடு நின்றால் சரியாக 80. அமெரிக்க வட்டத்தில் 92 கோடு இருக்கும், அது 60 ஹெர்ட்ஸுக்கானது, இங்கே பொய் சொல்லும். எல்.ஈ.டி. பல்புகள் பல மினுக்குவதில்லை. நியான் காட்டி விளக்கு ஒன்று போதும்.

78 சுற்றே இல்லாத டர்ன்டேபிள் என்றாலும், தட்டு வளைந்திருந்தாலும், 45இல் ஓட்டிப் பதிவு செய்து கணினியில் வேகமாக்கலாம். 76க்கு 76ஐ 45ஆல் வகுத்தால் 1.689; ஆடாசிட்டியில் வேகத்தை 68.9 சதவீதம் கூட்ட வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் விளைவையே தேர்ந்தெடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் விளைவைப் போட்டால் மரக்கட்டையின் ஒவ்வோர் அடியும் இழுபட்டுச் சிதறும்.

துளை நடுவில் இல்லாத தட்டு இன்னொரு தலைவலி. ஒரு மில்லிமீட்டர் விலகினால், லேபிள் பக்கம் போகும்போது சுருதி இருபுறமும் ஏறக்குறைய 1.7 சதவீதம் ஊசலாடும். நொடிக்கு ஒன்றேகால் முறை நீட்டி முழக்குவது காதுக்குத் தெளிவாகத் தெரியும். துளையைக் குடையாதீர்கள். தட்டுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்புகளை அடுக்கி அச்சுக்கம்பியின் தலைக்கு மேலே தட்டை உயர்த்துங்கள். டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) உயரத்தையும் அதே அளவு ஏற்றுங்கள். பிறகு ஊசியை இறக்கி, டோன்ஆர்ம் இடவலமாக ஆடுவது நிற்கும்வரை தட்டைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

பதிவும் சமன்பாடும்

ஸ்டீரியோவில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். கீறலின் சொடுக்குச் சத்தம் இசையைவிட மிக ஓங்கியது. அதுவும் உச்சியில் வெட்டுப்படாதபடி இசையின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். வெட்டுப்பட்ட சொடுக்கை எந்த மென்பொருளும் ஒழுங்காக அடையாளம் காணாது.

ஃபோனோ ப்ரீஆம்பில் இருப்பது ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாடு. அது எல்.பி.க்கானது: 100 ஹெர்ட்ஸில் 13 டெசிபல் ஏற்றும், 10,000இல் ஏறக்குறைய 14 டெசிபல் இறக்கும். கூம்பில் பதிவான தட்டுக்கு இப்படி எந்தச் சமன்பாடும் கிடையாது. கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்பது இதனால்தான். ஆடாசிட்டியின் ஃபில்டர் கர்வ் விளைவில் ஆர்.ஐ.ஏ.ஏ. முன்அமைப்பை எடுத்துத் தலைகீழாக்கி ஒருமுறை ஓட்டினால் தட்டையான ஒலி கிடைக்கும். 45இல் பதிவு செய்திருந்தால், வேகத்தைக் கூட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பின்னால் செய்தால் 500 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய திருப்பம் 845க்கு நகர்ந்துவிட்டிருக்கும், சமன்பாடு எங்கேயும் பொருந்தாது.

அடுத்து சுவர்கள். இடது சேனல் தடத்தின் உள்சுவர், வலது சேனல் வெளிச்சுவர். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்று தெளிவாகவும் மற்றொன்று கரகரப்பாகவும் இருந்தால் தெளிவானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமென்றால் கூட்டுங்கள். இசை இரட்டிக்கும், தொடர்பில்லாத இரைச்சல் அந்த அளவு ஏறாது, 3 டெசிபல் லாபம். மேல்கீழ் வெட்டுத் தட்டுக்கு ஒரு சேனலை இன்வெர்ட் விளைவால் தலைகீழாக்கிவிட்டுக் கூட்ட வேண்டும். ஏயோலியன்-வோகாலியன் தட்டில் அப்படிச் செய்த நொடியில், இரைச்சலுக்குள்ளிருந்து ஐவரும் வெளியே வந்து நிற்பார்கள்.

சத்தத்தைக் குறைப்பது

சொடுக்கு நீக்கம் முதலில், வடிகட்டி பிறகு. வடிகட்டியை முதலில் போட்டால் கூர்மையான சொடுக்கு மழுங்கிப் பரவி இசையோடு கலந்துவிடும்.

சொடுக்கு நீக்கி எதைத் தின்கிறது என்று கண்காணிப்பது அவசியம். ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸில்’ கிளாரினெட் சேவலாகக் கூவும், கார்னெட் குதிரையாகக் கனைக்கும், டிராம்போன் மாடாகக் கத்தும். கனைப்பின் கரடுமுரடான விளிம்பும், ஸ்பார்பரோவின் மரக்கட்டையும் மென்பொருளுக்குக் கீறலாகத் தெரியும். சோதிக்க வழி எளிது: சுத்தம் செய்ததை அதே இன்வெர்ட் விளைவால் தலைகீழாக்கி மூலத்தோடு கூட்டுங்கள். மிஞ்சுவது, நீக்கப்பட்டது மட்டும். அதில் ஒழுங்கற்ற படபடப்பு மட்டும் கேட்டால் சரி. தாளம் கேட்டாலோ, கனைப்பின் வால் கேட்டாலோ உணர்திறனைக் குறையுங்கள். தப்பிய பெரிய சொடுக்குகளைக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். மூன்று நிமிடத் தட்டுக்கு ஒரு மாலை பிடிக்கும்.

பிறகு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. மேலே 5,000 அல்லது 6,000இல் மெதுவான சரிவு. 3,000இல் செங்குத்தாக வெட்டினால் இரைச்சல் போகும், கிளாரினெட்டும் கூடவே போகும். கூம்புக்கே உரிய ஒத்ததிர்வால் சில சுரங்கள் மட்டும் ஊளையிடும். குறுகிய பட்டையில் 3, 4 டெசிபல் இறக்கினால் அடங்கும். அது எங்கே இருக்கிறது என்பது கூம்புக்குக் கூம்பு மாறும். பட்டையை முதலில் ஏற்றி, ஊளை அதிகமாகும் இடத்தைத் தேடி, பிறகு இறக்குங்கள்.

இரைச்சல் குறைப்பு விளைவை 6 டெசிபலுக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் போனால் நீருக்குள் மணி அடிப்பது போன்ற செயற்கைச் சத்தம் தலைகாட்டும். சீரான இரைச்சலைக் காது அரை நிமிடத்தில் ஒதுக்கிவிடும்; மினுமினுக்கும் செயற்கைச் சத்தத்தை ஒதுக்காது.

கோப்பும் உரிமையும்

எந்தத் திருத்தமும் செய்யாத மூலப் பதிவை வேவ் கோப்பாகத் தனியே வையுங்கள். கூடவே ஒரு குறிப்பு: தட்டு எண், மேட்ரிக்ஸும் டேக்கும், ஊசி அளவு, பளு, ஓட்டிய வேகம், தீர்மானித்த வேகமும் சுருதியும், ப்ரீஆம்ப் தட்டையா ஆர்.ஐ.ஏ.ஏ.வா, எந்த சேனல். வேகத்தைப் பற்றி நாளை வேறு முடிவுக்கு வந்தால் தட்டை மறுபடி ஓட்டாமலே திருத்தலாம். கென்னட் தட்டுகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். அவற்றின் உலோக அச்சுகள் பலவும் பழைய உலோகமாகப் போய்விட்டதால், மிஞ்சிய அரக்குப் பிரதிதான் மூலம்.

பகிர விரும்பினால், அமெரிக்காவில் 1922 முடிய வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின. 1923ஆம் ஆண்டின் வெளியீடுகள் 2024 ஜனவரி 1 அன்று. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பதால் இங்கே தடையில்லை. ஏற்றும்முன், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸில் விக்டர் தட்டுகளின் பிரதிகளைக் கேட்டு, உங்கள் டேக்கும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டுவிடுங்கள். டேக் வேறென்றால் கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணைப் போடுங்கள்; தேடுபவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.